செகண்ட் ஹேண்ட் கார் எடுத்திருக்கிறேன்: பெல்ட் கிளிப், பிரேக் அதிர்வு, கண்ணாடி மூட்டம் பற்றிக் கொஞ்சம் விளக்குங்கள்

கொருக்குப்பேட்டை வாசி

வணக்கம். போன மாதம் ஒரு 2020 மாடல் ஹேட்ச்பேக் எடுத்தேன், பெட்ரோல், மேனுவல் கியர். ஆர்சி, இன்சூரன்ஸ் எல்லாம் சரியாக இருக்கிறது, வண்டியோடு வரும் கையேடு மட்டும் தொலைந்துவிட்டது என்று விற்றவர் சொன்னார். டிரைவிங் ஸ்கூலில் ஸ்டீயரிங், கியர், மூன்று பெடல், அவ்வளவுதான் சொல்லிக்கொடுத்தார்கள். மற்ற பட்டன்களைப் பற்றி அங்கே யாரும் வாயே திறக்கவில்லை.

டிரைவர் சீட் பெல்ட்டின் பக்கிளில் ஏற்கெனவே ஒரு இரும்புக் கிளிப் சொருகியிருக்கிறது, அதனால் பெல்ட் போடாவிட்டாலும் பீப் சத்தம் வராது. சிட்டிக்குள் ஓட்ட வசதி என்றார் விற்றவர். அதை எடுத்துவிடலாமா? அடுத்தது, போன வாரம் மழையில் எண்ணூர் எக்ஸ்பிரஸ் ரோட்டில் முன்னால் போன டிரெய்லர் சட்டென்று நின்றுவிட்டது, நான் பிரேக்கை ஓங்கி மிதித்தபோது பெடல் காலுக்கடியில் கடகடவென்று அடித்தது. வண்டி நின்றுவிட்டது என்றாலும் அது கோளாறா என்று தெரியவில்லை. மழை நேரத்தில் முன் கண்ணாடி மூட்டமாகிவிடுகிறது, துணியால் துடைத்துக்கொண்டே ஓட்ட வேண்டியிருக்கிறது. ஸ்டீயரிங்குக்கு வலது பக்கம் 0 முதல் 3 வரை எண் போட்ட ஒரு குட்டிச் சக்கரம் இருக்கிறது, அது எதற்கு?

முக்கியமான கேள்வி: மகளுக்கு நாலு வயது. மனைவி முன் சீட்டில் உட்கார்ந்து அவளை மடியில் வைத்துக்கொள்வது சரியா?

வியாசர்பாடி ஒர்க்ஷாப்

தம்பி, அந்தக் கிளிப்பை இப்போதே பிடுங்கிப் போடுங்கள். ஆன்லைனில் இதை விற்றுக்கொண்டிருந்த பெரிய தளங்களையே 2023-ல் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் பட்டியலிலிருந்து நீக்கச் சொல்லி உத்தரவு போட்டது. ஏர்பேக் இருக்கிறதே என்று பெல்ட்டை விடுகிறவர்களை ஒர்க்ஷாப்பில் தினமும் பார்க்கிறேன். ஏர்பேக் தனியாக வேலை செய்கிற சாமான் இல்லை. மோதும்போது பெல்ட் உங்களைச் சீட்டோடு பிடித்து வைத்திருக்கும் என்ற கணக்கில்தான் அதை வடிவமைத்திருக்கிறார்கள். பெல்ட் இல்லாமல் உடம்பு முன்னால் பாய்ந்து வரும் நேரத்தில் அது வெடித்து விரிந்தால் அந்த அடியே பெரிய அடி.

பிரேக் விஷயம் கோளாறு இல்லை, ஏபிஎஸ் வேலை செய்திருக்கிறது. 2019 ஏப்ரலிலிருந்து புதுக் கார்களுக்கு அது கட்டாயம், அதனால் உங்கள் வண்டியில் கண்டிப்பாக இருக்கும். ஈர ரோட்டில் ஓங்கி மிதித்தால் சக்கரம் சுற்றாமல் அப்படியே வழுக்கப் பார்க்கும், சக்கரம் வழுக்கினால் ஸ்டீயரிங்கைத் திருப்பியும் பிரயோஜனம் இல்லை. ஏபிஎஸ் அந்தச் சக்கரத்தின் பிரேக்கை ஒரு நொடிக்குள் பல தடவை விட்டுப் பிடிக்கும், அந்த அதிர்வுதான் பெடலில் தெரிந்தது. அப்போது பயந்து காலை எடுக்கக் கூடாது, பழைய வண்டிகளில் செய்கிற மாதிரி விட்டு விட்டு மிதிக்கவும் கூடாது. கிளட்சையும் சேர்த்து மிதித்து, பிரேக்கை இறுக்கமாக அழுத்தியபடியே, தடை இல்லாத பக்கமாக ஸ்டீயரிங்கைத் திருப்புங்கள். ஒன்று நினைவில் இருக்கட்டும், எக்ஸ்பிரஸ் ரோட்டில் மணல் பரவிக் கிடக்கும் இடங்களில் ஏபிஎஸ் இருந்தாலும் வண்டி நிற்க அதிக தூரம் ஆகும், டிரெய்லருக்குப் பின்னால் இடைவெளி விட்டுத்தான் போக வேண்டும்.

இதைவிட முக்கியமாக நீங்கள் கேட்காத ஒன்றைச் சொல்கிறேன். செகண்ட் ஹேண்ட் எடுத்தவர்கள் எல்லோரும் இதைச் செய்து பார்க்க வேண்டும். எஞ்சினை ஸ்டார்ட் பண்ணாமல் சாவியை ஆன் நிலைக்குத் திருப்பி மீட்டரைக் கவனியுங்கள். உட்கார்ந்திருக்கும் ஆள் முன்னால் ஒரு உருண்டை இருக்கிற மாதிரி படம்தான் ஏர்பேக் விளக்கு. அது சில நொடி எரிந்து அணைய வேண்டும், ஏபிஎஸ் விளக்கும் அப்படித்தான். அணையாமல் எரிந்துகொண்டே இருந்தால் கோளாறு என்று எல்லோருக்கும் தெரியும். எரியவே இல்லை என்றால்தான் இன்னும் மோசம், ஏனென்றால் எங்கேயோ மோதி ஏர்பேக் வெடித்த வண்டியில் புது ஏர்பேக் போடாமல், விளக்கு தெரியாதபடி மட்டும் செய்து விற்கிறவர்கள் உண்டு.

அப்புறம் பெல்ட்டை அடிவரைக்கும் இழுத்துப் பாருங்கள். நூல் பிரிந்திருக்கிறதா, சட்டென்று இழுத்தால் பூட்டிக்கொள்கிறதா, கீழே தைத்திருக்கும் லேபிளில் எந்த வருடம் போட்டிருக்கிறது என்று பாருங்கள். வண்டி 2020, பெல்ட் 2022 என்றால் ஏன் மாற்றினார்கள் என்று விற்றவரைக் கேட்க வேண்டும்.

திருவொற்றியூர் தேரடி

அண்ணா, மகளை மடியில் வைத்துக்கொண்டு முன் சீட்டில் வேண்டவே வேண்டாம், உங்கள் மனைவியிடம் நான் சொன்னதாகவே சொல்லுங்கள். பிரேக் பிடிக்கிற வேகத்தில் பதினைந்து கிலோ குழந்தையைக் கையால் பிடித்து நிறுத்த எந்த அம்மாவாலும் முடியாது. நாற்பதில் போகும் வண்டி மோதி நின்றால் அந்தப் பாரம் பல மடங்காக முன்னால் இழுக்கும், பெல்ட் போடாத பெரியவர் பின்னால் இருந்து சாய்ந்தால் நடுவில் நசுங்குவதும் குழந்தைதான். ஏர்பேக் இருக்கும் சீட் என்றால் அது விரியும்போது நேராகக் குழந்தை மேல்தான் விழும். உங்கள் வண்டியில் அந்தப் பக்கம் ஏர்பேக் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். டிரைவர் பக்கம் 2019 ஜூலையிலேயே கட்டாயமாகிவிட்டது, பக்கத்து சீட்டுக்கு ஏற்கெனவே விற்பனையில் இருந்த மாடல்களில் 2021 கடைசியில்தான் கட்டாயம் ஆனது, ஆகவே 2020 வண்டியில் இருக்கலாம், இல்லாமலும் போகலாம். டேஷ்போர்டில் கிளவ் பாக்ஸுக்கு மேலே ஏர்பேக் என்று ஆங்கிலத்தில் பதித்திருப்பார்கள்.

பின் சீட்டில், உட்காரும் மெத்தையும் முதுகு மெத்தையும் சேரும் இடுக்கில் கையை விட்டுப் பாருங்கள், இரண்டு இரும்பு வளையம் தட்டுப்பட்டால் அது ஐசோஃபிக்ஸ். அதில் மாட்டுகிற, தோளுக்கும் இடுப்புக்கும் பெல்ட் உள்ள குழந்தை சீட் நாலு வயதுக்குச் சரியாக இருக்கும். வளையம் இல்லாவிட்டால் காரின் பெல்ட்டாலேயே கட்டுகிற சீட்டும் கிடைக்கிறது. 14 வயதுக்கு உட்பட்டவர்களைப் பெல்ட்டோ குழந்தை சீட்டோ இல்லாமல் ஏற்றினால் மோட்டார் வாகனச் சட்டம் 194பி-யின்படி ஆயிரம் ரூபாய் அபராதம், ஆனால் அபராதத்துக்காக இதைச் செய்யாதீர்கள். சைல்ட் லாக் பின் கதவின் ஓரத்தில், கதவைத் திறந்தால் மட்டும் தெரியும் சின்ன நெம்புகோல். அதைப் போட்டால் உள்ளிருந்து திறக்காது, வெளியிலிருந்து திறக்கும்.

மூட்டம் இரண்டு வகை. விரலால் உள்பக்கம் தேய்த்துப் பாருங்கள், கோடு விழுந்தால் ஈரம் உள்ளே. மழையில் நனைந்த துணி, மூச்சுக்காற்று எல்லாம் சேர்ந்து வருவது. ஏசியைப் போட்டு, காற்றை முன் கண்ணாடிக்குத் திருப்பி, உள்காற்றே சுற்றும் பட்டனை அணைத்து வெளிக்காற்று வரும்படி வையுங்கள். மழையில் குளிருமே என்று ஏசியை அணைப்பவர்கள்தான் அதிகம், காற்றில் இருக்கும் ஈரத்தை எடுப்பதே ஏசிதான், குளிர்ந்தால் வெப்பநிலையைக் கூட்டிக்கொள்ளலாம். உள்பக்கம் தேய்த்தும் போகவில்லை என்றால் ஈரம் வெளியே. நம் கடலோரக் காற்றில் ராத்திரி நேரம் ஏசி கண்ணாடியைச் சில்லென்று ஆக்கிவிட்டால் வெளிப்பக்கம் வியர்க்கும், அதற்கு ஒரு தடவை வைப்பர் போட்டு, ஏசிக் காற்று கண்ணாடியில் படாமல் திருப்பினால் போதும். ஓடும்போது துணியால் துடைக்கவே கூடாது.

நான் குள்ளம், அதனால் இதையும் சொல்லத் தோன்றுகிறது: மார்புக்கும் ஸ்டீயரிங் நடுவுக்கும் 25 சென்டிமீட்டராவது இருக்கட்டும். பெடல் எட்டவில்லை என்று ஸ்டீயரிங்கை ஒட்டி உட்காராமல் சீட் உயரத்தையும் முதுகுச் சாய்வையும் மாற்றுங்கள். இடுப்புப் பெல்ட் வயிற்றில் இல்லாமல் இடுப்பெலும்பின் மேல் கீழாகப் படிய வேண்டும். தலை சாய்க்கும் மெத்தையின் மேல் விளிம்பு தலையின் உச்சி உயரத்துக்கு வரட்டும், பின்னால் மோதினால் கழுத்தைக் காப்பது அதுதான்.

மூலக்கடை டிரைவர்

அந்த 0 முதல் 3 சக்கரம் ஹெட்லைட் உயரம். நீங்கள் தனியாகப் போனால் 0. பின்னால் ஆட்களும் டிக்கியில் சாமானும் ஏறினால் வண்டி பின்னால் அமுங்கி லைட் மேல்நோக்கி அடிக்கும், அப்போது 2, 3 என்று திருப்பினால் வெளிச்சம் கீழே இறங்கும், எதிரில் வருகிறவன் கண் கூசாது. பின்னால் வருகிற வண்டியின் லைட்டில் உங்கள் கண் கூசினால், உள்ளே பின்பக்கம் பார்க்கும் கண்ணாடியின் அடியில் இருக்கும் நாக்கைத் தள்ளிப் பாருங்கள்.

ஜீரோ கேட், மணலி பக்கமெல்லாம் ஓட்டப்போகிறீர்கள் என்றால் கன்டெய்னர் லாரியின் இடது பக்கத்தில் ஒட்டிக்கொண்டு போகாதீர்கள். டிரைவர் வலது பக்கம் உட்கார்ந்திருக்கிறார், இடது பக்கம் கீழே இருக்கும் காரை அவரால் பார்க்க முடியாது. அவர் மிரரில் அவர் முகம் உங்களுக்குத் தெரியவில்லை என்றால் நீங்கள் அவருக்குத் தெரியவில்லை. உங்கள் சைடு மிரர்களை, உங்கள் வண்டியின் ஓரம் லேசாகத் தெரிகிற அளவுக்கு வெளிப்பக்கமாகத் திருப்பி வையுங்கள்.

மழைக்காலத்தில் கணேசபுரம் சப்வேயில் தண்ணீர் நின்றால் சுற்றிப் போங்கள், ஆழம் தெரியாது. எங்கேயாவது மாட்டி எஞ்சின் நின்றுவிட்டால் மறுபடி ஸ்டார்ட் பண்ணவே கூடாது, எஞ்சினுக்குள் தண்ணீர் போயிருந்தால் உள்ளே இருக்கும் பாகங்கள் வளைந்து உடையலாம். தண்ணீர் கதவளவு ஏறுவதற்கு முன்பே முதலில் கண்ணாடியை இறக்குங்கள், கரண்ட் போய்விட்டால் பவர் விண்டோ இறங்காது. பின்னால் குழந்தை இருந்தால் சைல்ட் லாக் போட்டிருக்கிறோம் என்பது ஞாபகம் இருக்க வேண்டும், அந்தக் கதவை நீங்கள் வெளியில் வந்துதான் திறக்க முடியும். கண்ணாடியை உடைக்க வேண்டி வந்தால் பக்கக் கண்ணாடியின் மூலையில் கூர்மையான எதையாவது வைத்து அடியுங்கள், முன் கண்ணாடி இரண்டு அடுக்குக்கு நடுவில் பிளாஸ்டிக் ஒட்டியது, சிதறாது.

கொருக்குப்பேட்டை வாசி

எல்லோருக்கும் ரொம்ப நன்றி. கிளிப்பை எடுத்துவிட்டேன், பீப் வருகிறது. ஏபிஎஸ் விளக்கு எரிந்து அணைகிறது. ஏர்பேக் விளக்கு மட்டும் எரியவே இல்லை, மறுபடி மறுபடி பார்த்துவிட்டேன். பெல்ட் லேபிளில் 2020 தான். பக்கத்து சீட்டில் ஏர்பேக் என்ற எழுத்து இல்லை. பின் சீட்டில் இரண்டு வளையமும் இருக்கின்றன, சீட் பார்க்க இந்த ஞாயிற்றுக்கிழமை போகிறோம், மனைவி இனி பின்னால்தான். இன்னொரு சந்தேகம், கன்டெய்னர் வரிசை நிற்கும்போதும் போகிப் புகையிலும் எல்லோரும் நாலு இண்டிகேட்டரையும் போட்டுக்கொண்டு ஓட்டுகிறார்களே, அது சரியா?

மூலக்கடை டிரைவர்

வரிசையின் கடைசி வண்டியாகச் சட்டென்று நிற்கும்போது பின்னால் வருகிறவனுக்குக் காட்டுவதற்காகக் கொஞ்ச நேரம் போடுவது நல்லது, பின்னால் ஒரு வண்டி வந்து நின்றதும் அணைத்துவிடுங்கள். ஓடும்போது போடாதீர்கள். நாலும் மின்னினால் நீங்கள் எந்தப் பக்கம் திரும்பப் போகிறீர்கள் என்று யாருக்கும் தெரியாது, அதோடு நீங்கள் நிற்கிறீர்களா ஓடுகிறீர்களா என்றும் குழப்பம். போகிக் காலையில் லோ பீம், ஃபாக் லேம்ப் இருந்தால் அது, வேகத்தைக் குறைத்துப் போவது. ஹை பீம் போட்டால் வெளிச்சம் புகையில் பட்டு உங்கள் கண்ணுக்கே திரும்பி வரும்.

வியாசர்பாடி ஒர்க்ஷாப்

ஏர்பேக் விளக்கு எரியாதது சின்ன விஷயம் இல்லை தம்பி. மீட்டர் விளக்கே பழுதாகவும் இருக்கலாம், நான் முன்பு சொன்ன மாதிரி மறைத்ததாகவும் இருக்கலாம். கம்பெனி சர்வீஸ் சென்டருக்குக் கொண்டுபோய் ஸ்கேனர் போட்டு ஏர்பேக் கன்ட்ரோல் யூனிட்டில் என்ன பதிவாகியிருக்கிறது என்று எழுத்தில் வாங்குங்கள், சேஸிஸ் நம்பரைக் கொடுத்துப் பழைய சர்வீஸ், விபத்து விவரத்தையும் கேளுங்கள். தெரு எலக்ட்ரீஷியனிடம் கொடுத்து டெஸ்ட் லேம்ப் வைத்து அந்த ஒயரைச் சோதிக்க விடாதீர்கள், ஏர்பேக் வெடித்துவிடலாம். ஸ்டீயரிங் கவர், புது ஹாரன் மாட்டுகிறேன் என்று ஸ்டீயரிங்கைக் கழற்றவும் விடாதீர்கள். அதுவரை தெருமுனைக்குப் போனாலும் பெல்ட்டைப் போட்டுக்கொள்ளுங்கள். கையேடு கம்பெனி இணையதளத்திலேயே இலவசமாகக் கிடைக்கிறதா பாருங்கள், மாடலும் வருடமும் சரியாகப் பார்த்து இறக்கினால் நீங்கள் கேட்காத மற்ற விளக்குகளும் அதில் இருக்கும். சர்வீஸ் சென்டரில் என்ன சொன்னார்கள் என்று இங்கே வந்து எழுதுங்கள், எந்த வேரியண்ட் என்பதையும் சேர்த்து.