மூணரை வயசுப் பையன்: தூளியை முதல்ல எடுக்கறதா, டயப்பரையா?

நீடாமங்கலம்_அம்மா:

எல்லாருக்கும் வணக்கம். பையனுக்கு மூணரை வயசு. வளர்ச்சித் தாமதம்னு சொல்லியிருக்காங்க, இன்ன காரணம்னு இதுவரைக்கும் பேர் வைக்கல. நடந்ததே ரெண்டரை வயசுக்கு மேலதான். பேச்சு "ம்மா", "தா", "போ", அவ்வளவுதான். ஆனா நாம சொல்றது நல்லாப் புரியும். மோட்டார் ஸ்விட்சைத் தட்டினா தொட்டிகிட்ட முதல் ஆளா போய் நிப்பான்.

ராத்திரித் தூக்கம் இன்னும் தூளியிலதான். அப்பாயியோட பழைய நூல் சேலை, உத்திரத்துக் கொக்கி. ஆட்டறது நின்னா முழிச்சுக்குவான். இப்ப கால் வெளியில தொங்குது. முழிச்சதும் சேலையைப் பிடிச்சு எழுந்து நிக்கறான், கீழ சிமெண்ட் தரை. அவங்க அப்பா திருப்பூர்லேருந்து வர்றப்பல்லாம் "கட்டில் வாங்கிடலாம்"னு சொல்லிட்டு பஸ் ஏறிடுவார். ராத்திரி ரெண்டு மணிக்கு ஆட்டறது நானும் மாமியாரும்தானே.

இன்னொரு பக்கம் டயப்பர். பக்கத்துல ஒரு நர்சரியில, டயப்பர் கட்டின பிள்ளையைச் சேர்க்க மாட்டோம், ஜூனுக்குள்ள பழக்கிக் கூட்டிட்டு வாங்கன்னுட்டாங்க. எங்க கக்கூஸ் கொல்லையில, மாட்டுக்கொட்டகையைத் தாண்டிப் போகணும். குந்தி உட்கார்ற மாதிரி பீங்கான். உட்கார வச்சா பின்னால சாயறான், பயந்துபோய் என் கழுத்தைக் கட்டிக்கறான். வெளிக்குப் போறது மூணு நாளைக்கு ஒருக்கா, இறுகிப்போய், அழுது அழுதுதான் போறான். நடுநடுவுல டயப்பர்ல தண்ணியா கறை படுது. இது மலச்சிக்கலா வயித்துப்போக்கான்னே புரியல. மாமியார் விளக்கெண்ணெய் கொடுக்கலாம்ங்கறாங்க.

ரெண்டையும் இந்த மாசமே ஒரே மூச்சுல முடிச்சிடலாமான்னு பார்க்கறேன். அனுபவப்பட்டவங்க சொல்லுங்க.

பாபநாசம்_அக்கா:

ஒரே மூச்சுல வேண்டாம் தங்கச்சி. என் பொண்ணுக்கு டவுன் சிண்ட்ரோம், இப்ப மூணாவது படிக்கறா. இந்த மாதிரிப் பிள்ளைங்களுக்குத் தினப்படி நடக்கறது ஒண்ணு மாறினாலே பெரிய விஷயம். தூக்கமும் போய் ஜட்டியும் நனைஞ்சா, எதுக்கு அழறாங்கன்னு உங்களுக்கே தெரியாமப் போயிடும்.

எதை முதல்லங்கறதுல எனக்குச் சந்தேகமே இல்லை, தூளிதான். எழுந்து நிக்கற பிள்ளைக்குத் தூளி ஆபத்து. விழறது மட்டுமில்ல, திரும்பிப் புரண்டா சேலை கழுத்துல சுத்திக்கும். ஆனா ஒரேயடியா அவிழ்த்துடாதீங்க. இன்னைக்கே கயிறை நீளமாக்கி, கீழ மெத்தை போட்டு, பிள்ளை முதுகு மெத்தையைத் தொட்டும் தொடாமலும் இருக்கற மாதிரி இறக்குங்க. அப்பவும் தூங்கற வரைக்கும் ஆள் பக்கத்துலயே இருக்கணும். தூங்கினதும் அலுங்காமத் தூக்கி மெத்தையில போட்டுடுங்க. அப்புறம் கண்ணு சொருகற வரைக்கும் மட்டும் ஆட்டுங்க, அதுக்கப்புறம் ஆட்டறதே வேண்டாம், முதுகைத் தட்டிக் கொடுத்தாப் போதும். ஒவ்வொண்ணும் பழகினப்புறம் அடுத்ததுக்குப் போங்க. கடைசியில தூளியைக் கழட்டறப்ப அந்தச் சேலையைத் துவைக்காம மெத்தை மேல விரிச்சிடுங்க. மணம் மாறாததுதான் என் பொண்ணைத் தூங்க வச்சது.

கட்டில் எதுக்கு? தரையில படுத்தா விழறதுக்கு உயரமே கிடையாது. ஆனா நம்ம ஊர்ல தரையில படுக்கறவங்களுக்குக் கட்டுவிரியன் பயம் உண்டு, மழைக்காலத்துல கேக்கவே வேணாம். அது ராத்திரியில நடமாடற பாம்பு. கடிச்சா பெரிசா வலியும் தெரியாது, வீக்கமும் இருக்காது. கொசுவலையைக் கட்டி நாலு பக்கமும் மெத்தைக்கு அடியில செருகிடுங்க, இதுல மட்டும் சோம்பல் கூடாது. இன்னொண்ணு, தூளியிலேருந்து தானா இறங்கத் தெரியாத பிள்ளை மெத்தையிலேருந்து எழுந்து நடக்கும். கொல்லைக் கதவுக்கு உயரத்துல தாழ்ப்பாள் போட்டுடுங்க. மேட்டூர் திறந்துட்டா வாய்க்கால்ல தண்ணி வந்துடும், உங்க பையனோ தண்ணியைக் கண்டா ஓடற பிள்ளை.

டயப்பரைத் தை பிறந்ததும் பார்த்துக்கலாம். கார்த்திகை அடைமழையில ஒரு ஜட்டி காய ரெண்டு நாள் ஆகும். நனைஞ்சா உடனே மாத்தக் கைவசம் டஜன் ஜட்டி வேணும், காய வைக்க வெயில் வேணும். அதுவரைக்கும் வயித்தைச் சரி பண்ணுங்க. அந்தக் கறை விஷயம் யாராவது விவரம் தெரிஞ்சவங்க சொல்லட்டும்.

திருவாரூர்_பிசியோ:

அக்கா சொன்ன வரிசைதான் சரி. அந்தக் கறை பெரும்பாலும் வயித்துப்போக்கா இருக்காது. குடல்ல மலம் இறுகி அடைச்சிருந்தா, மேல இருக்கற இளகின மலம் அதன் ஓரமா வழிஞ்சு வரும். வயித்துப்போக்குன்னு நினைச்சு மருந்து கொடுத்தா அடைப்பு இன்னும் மோசமாகும். விளக்கெண்ணெய் வேண்டாம், வயித்தை முறுக்கும். முறுக்கின வலியையும் கக்கூஸையும் பிள்ளை சேர்த்தே ஞாபகம் வச்சுக்கும். குழந்தை டாக்டர்கிட்ட காட்டினா லாக்டுலோஸ் மாதிரி மலம் இளக்கற மருந்து தருவாங்க. தைராய்டு பரிசோதனை பண்ணலைன்னா அதையும் கேளுங்க, அது குறைஞ்சாலும் மலச்சிக்கல் வரும். நாள் முழுக்கப் பாலும் பிஸ்கட்டுமா இருந்தா பாலைக் குறைச்சு சோறு, கீரை, பழம்.

பின்னால சாயறது அடமில்லை. தசை இறுக்கம் குறைவான பிள்ளைக்குக் குந்தி உட்கார்ந்து சமாளிக்க முடியாது. சின்னப் பிள்ளைங்க உட்கார்ந்து வெளிக்குப் போற பிளாஸ்டிக் பாட்டி (potty) ஒண்ணு வாங்கி வீட்டுக்குள்ள தாழ்வாரத்து மூலையில போடுங்க, கொல்லைக்குப் போற வேலையே இப்ப வேண்டாம். பாதம் ரெண்டும் தரையில முழுசாப் பதியணும், முழங்கால் இடுப்பை விடக் கொஞ்சம் உயரமா இருக்கணும். எட்டலைன்னா பலகை வைங்க. பிடிச்சுக்க முன்னால ஒரு ஸ்டூல். சாப்பிட்டு அரைமணிக்குள்ள குடல் தானா அசையும், அந்த நேரத்துல அஞ்சு நிமிஷம் உட்கார வைங்க. வரலைன்னா எழுப்பி விட்டுடுங்க, திட்டாதீங்க. முதல்ல உட்கார்ந்து பழகறதுதான் பாடம், டயப்பரோட உட்கார்ந்தாலும் பரவாயில்லை.

பேச்சு வராததால சைகை ஒண்ணு வேணும். வயித்தைத் தட்டறதுன்னா வீட்ல எல்லாரும் அதையே செய்யணும். ஒண்ணரை ரெண்டு மணி நேரம் டயப்பர் காய்ஞ்சு இருக்கான்னு பாருங்க, இருந்தா மூத்திரப்பை தயார்னு ஒரு அறிகுறி. வயசுக் கணக்கைப் பார்க்காதீங்க, அவன் வளர்ச்சி எங்க நிக்குதோ அதுதான் கணக்கு.

2013-ல வந்த மத்திய அரசோட குழந்தை நலத் திட்டத்துல டி.இ.ஐ.சி.ன்னு, வளர்ச்சித் தாமதத்தைச் சீக்கிரமே கவனிச்சுச் சிகிச்சை தர்ற மாவட்ட மையங்கள் வச்சிருக்காங்க. பிசியோ, பேச்சுப் பயிற்சி, சிறப்பாசிரியர் எல்லாம் இலவசம். அங்கன்வாடியிலயோ ஆரம்ப சுகாதார நிலையத்துலயோ கேட்டா அனுப்பி வைப்பாங்க.

மன்னை_வாத்தியார் (ஓய்வு):

அந்த நர்சரி விஷயம் ஒண்ணு சொல்லணும். 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 16-வது பிரிவு, அரசு நிதியோ அங்கீகாரமோ உள்ள கல்வி நிலையங்கள் பாகுபாடு இல்லாமல் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்கிறது. பள்ளிக்கு அங்கீகாரம் இருக்கிறதா என்று விசாரியுங்கள் அம்மா. இருந்தால், "எழுதிக் கொடுங்கள்" என்று கேட்டுப் பாருங்கள். வாயால் சொல்கிறவர்கள் பல பேர் எழுதித் தர மாட்டார்கள். ஜூன் என்கிற கெடுவைப் பிள்ளை தலையில் ஏற்றாதீர்கள்.

நீடாமங்கலம்_அம்மா:

ரொம்ப நன்றி அக்கா, சார். கயிறை இறக்கியாச்சு. மாமியாருக்குக் குனிஞ்சு ஆட்ட முதுகு வலிக்குதாம், அதனால ஆட்டறதைக் குறைக்கறதுல அவங்களே முன்னால நிக்கறாங்க! டாக்டர் மருந்து எழுதிட்டார், அடைப்புதான்னார். ஒரு சந்தேகம். தை மாசம் பகல்ல டயப்பரை எடுத்தா ராத்திரியும் எடுத்துடணுமா? பாதி கட்டி பாதி கட்டாம இருந்தா குழம்பிடுவான்ங்கறாங்க.

திருவாரூர்_பிசியோ:

ராத்திரி கட்டுங்க, குழம்ப மாட்டான். தூக்கத்துல மூத்திரத்தை அடக்கறது பழக்கத்துல வர்றதில்லை, உடம்பு முதிரணும். தாமதம் இல்லாத பிள்ளைக்கே அஞ்சு வயசு வரைக்கும் ராத்திரி நனைச்சா வைத்தியம் பார்க்கறதில்லை. காலையில டயப்பர் தொடர்ந்து காய்ஞ்சே இருந்தா அப்ப யோசிக்கலாம். ஆனா மருந்து விஷயத்துல கவனம். மலம் இளகினதும் பலர் தாங்களா நிறுத்திடறாங்க, மாசத்துக்குள்ள மறுபடி அடைச்சுக்கும். எப்ப குறைக்கறதுன்னு டாக்டர் சொல்லட்டும்.