கிறீம் பை இரண்டு முறையும் இளகிவிட்டது, ஞாயிறுக்குள் உதவி தேவை

கேட்டவர், கல்லடி:

வருகிற ஞாயிறு அம்மாவின் 60ஆவது பிறந்தநாள். ஒவ்வொரு வருடமும் கேக்தான் வெட்டுகிறோம். இந்த முறை சொக்லேட்டும் பழமும் போட்ட கிறீம் பை ஒன்றை என் கையாலேயே செய்து கொடுக்க ஆசை. வீட்டில் அவண் இல்லாததால் 200 கிராம் மாரி பிஸ்கட்டை இடித்து, 100 கிராம் பட்டரை உருக்கிச் சேர்த்து, தட்டில் அமத்தி பிரிட்ஜில் வைத்தேன். அது இரண்டு முறையும் நன்றாகவே இறுகியது. அதற்கு மேலே ஊற்றியதுதான் பிழைத்தது.

முதல் முறை கிறீமில் ஜெலட்டின் கரைத்து, பச்சை அன்னாசியைச் சின்னச் சின்னதாக வெட்டிக் கலந்தேன். இரவு முழுக்க பிரிட்ஜில் இருந்தும் மோர் மாதிரி ஓடியது, வாயில் வைத்தால் கசப்பு.

இரண்டாம் முறை ஜெலட்டினை விட்டுவிட்டேன். அரை லீட்டர் பால், 3 மஞ்சள் கரு, 40 கிராம் கோன்பிளவர், 80 கிராம் சீனி. தடித்ததும் அடிப்பிடித்துவிடும் என்று பயந்து உடனே இறக்கினேன். இரவு பத்து மணிக்குக் கரண்டியை நட்டால் நிற்கும் பதம். காலையில் பார்த்தால் தண்ணீராகக் கிடக்கிறது, பிஸ்கட்டும் ஊறிக் களியாகிவிட்டது. சொக்லேட்டும் ஆவியில் உருகிக்கொண்டிருக்கும்போதே திடீரென்று மண் மாதிரித் திரண்டது.

இந்தக் கச்சான் காற்று வெக்கையில் இதெல்லாம் சரிவராதா? பிரிட்ஜ் நன்றாகத்தான் வேலை செய்கிறது.

பதில், களுவாஞ்சிக்குடி:

ஜெலட்டின் போதாமல் போயிருக்கும். இரண்டு மடங்கு போட்டுப் பாருங்கள்.

பதில், காத்தான்குடி:

இல்லை, அன்னாசி வேகாமல் பச்சையாக இருக்கும்வரை நான்கு மடங்கு போட்டாலும் இறுகாது. தங்கச்சி, இறைச்சி மெதுவாக வேகப் பச்சைப் பப்பாசி போடுகிறோம் அல்லவா, அதே விஷயம்தான். பப்பாசியில் பப்பெய்ன், அன்னாசியில் புரோமெலைன் என்று புரதத்தை அறுக்கும் நொதி இருக்கிறது. ஜெலட்டினும் புரதம்தான், அதை அறுத்துவிடுகிறது. உங்கள் கசப்பும் அங்கிருந்துதான் வந்தது, பாலின் புரதத்தை அறுத்தால் கசக்கும். சூடு பட்டால் அந்த நொதி செத்துவிடும். துண்டுகளை இரண்டு கரண்டி சீனியோடு ஐந்து நிமிடம் நன்றாகக் கொதிக்க விடுங்கள். ரின்னில் வருவது ஏற்கனவே சூடாக்கியது, அப்படியே போடலாம்.

எங்கள் வீட்டில் ஜெலட்டின் பாவிப்பதே இல்லை, நோன்பு திறக்கச் செய்கிற கடற்பாசிதான் (அகர் அகர்) எல்லாவற்றுக்கும். நம்முடைய வெயிலுக்கு அதுதான் பொருத்தம். ஜெலட்டின் 30 பாகை தாண்டினாலே இளகத் தொடங்கும். கடற்பாசி இறுகிவிட்டால் 85 பாகை அளவில்தான் திரும்ப உருகும், மேசையில் எவ்வளவு நேரம் வைத்தாலும் நிற்கும். ஒரு கப் தண்ணீரில் ஒரு தேக்கரண்டி தூளைத் தனியாகக் கொதிக்க வைத்துக் கரையுங்கள். பிறகுதான் அன்னாசியைச் சேர்க்க வேண்டும், புளிப்போடு சேர்த்துக் கொதித்தால் அதன் பிடி குறையும்.

பதில், கல்முனை:

பேக்கரியில் பத்து வருடத்துக்கு மேல் நின்றவன், இரண்டாவது கதையை நான் சொல்கிறேன். உங்கள் அளவில் குறையே இல்லை, சீக்கிரம் இறக்கியதுதான் பிழை. மஞ்சள் கருவில் மாச்சத்தைக் கரைக்கிற அமிலேஸ் என்கிற நொதி இருக்கிறது. தடித்தவுடன் இறக்கினால் அது சாகாமல், இரவெல்லாம் பிரிட்ஜுக்குள் இருந்தபடியே கோன்பிளவரைத் தின்னும். நடுவில் குமிழி வெடித்து வெடித்து வருகிற நேரத்திலிருந்து ஒன்றரை, இரண்டு நிமிடம் கை எடுக்காமல் கிண்டுங்கள். கோன்பிளவர் கலந்திருப்பதால் முட்டை திரையாது, பயப்பட வேண்டாம். அடுப்பைக் குறைத்து, அடி தடித்த சட்டியில் செய்தால் அடியும் பிடிக்காது. இன்னொன்று, ருசி பார்த்த கரண்டியைத் திரும்ப உள்ளே போடக் கூடாது. எச்சிலிலும் அதே வேலை செய்கிற நொதி இருக்கிறது. நான் பழகிய காலத்தில் ஒரு சட்டி முழுக்க இப்படிப் போனது, அன்றைக்கு ஏன் என்று எனக்குச் சொல்லித் தர ஆளில்லை.

சொக்லேட்டுக்குள் ஆவித் தண்ணீர் இரண்டு துளி விழுந்திருக்கிறது. அதை எறியாமல் சூடான பாலை ஒவ்வொரு கரண்டியாக விட்டுக் கலக்குங்கள், வழவழப்பான குழம்பாகத் திரும்பி வரும், மேலே கோடு கோடாக ஊற்ற உதவும். அடித்தட்டுக்குப் புதிதாக 80 கிராம் உருக்கி மெல்லிசாகப் பூசி இறுக விடுங்கள். அது இருந்தால் கஸ்டர்டின் ஈரம் பிஸ்கட்டுக்கு இறங்காது.

மாம்பழம் போடுவதாக இருந்தால் வெட்டுகிற நேரத்தில் போடுங்கள். கறுத்தக்கொழும்பான் சாறு கூடிய பழம், துணியில் ஒற்றிவிட்டுத்தான் அடுக்க வேண்டும்.

கேட்டவர்:

ராத்தா, அண்ணா, வெள்ளிக்கிழமையே ஒத்திகை பார்த்துவிட்டேன். குமிழி வரும்வரை காய்ச்சிய கஸ்டர்ட் காலையிலும் அப்படியே நின்றது! ஆனால் கடற்பாசியை பிரிட்ஜிலிருந்து எடுத்த அன்னாசியில் ஊற்றியதும் நூல் நூலாகத் திரண்டுவிட்டது. பிறகு, விப்பிங் கிறீம் விலை கேட்டு வாங்காமல் வந்துவிட்டேன், அதற்குப் பதில் என்ன போடலாம்?

பதில், காத்தான்குடி:

குளிர் பட்டதால் அந்த இடத்திலேயே இறுகிவிட்டது. எல்லாவற்றையும் சேர்த்து அடுப்பில் வைத்தால் திரும்பக் கரையும். சூடான அன்னாசியில் சூடாகவே ஊற்றி, கை பொறுக்கும் சூட்டுக்கு வந்ததும் கஸ்டர்டுக்கு மேலே விடுங்கள்.

கிறீமுக்கு எங்கள் ஊர் எருமைத் தயிர் இருக்கும்போது என்ன கவலை? ஒரு சட்டித் தயிரை வெள்ளைத் துணியில் கட்டி, பிரிட்ஜுக்குள் கிண்ணத்துக்கு மேலே இரவு தொங்க விடுங்கள். தண்ணீர் வடிந்தபின் சீனித் தூளும் வனிலாவும் அடித்துச் சேர்த்தால் போதும். புளிக்காத புதுத் தயிராகப் பார்த்து வாங்குங்கள்.

கேட்டவர், ஞாயிறு இரவு:

பிஸ்கட், சொக்லேட், கஸ்டர்ட், அன்னாசி, ஓரத்தில் தயிர்க் கிறீம். பதினொரு மணிக்கு வெட்டினோம், துண்டு துண்டாகக் கிளம்பி வந்தது. அக்கரைப்பற்றுச் சித்தி மூன்று மணிக்குத்தான் வந்தார், அவருக்கு எடுத்து வைத்த துண்டிலும் பிஸ்கட் நொறுக்கென்றது. அம்மா தயிர்க் கிறீமை மட்டும் தனியாக ஒரு கிண்ணம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.