பாடாதே, வாயை மட்டும் அசை என்கிறார் இசை ஆசிரியை. போய்ப் பேசலாமா?

நடுநிசி ரேடியோ:
மகளுக்கு ஒன்பது வயது. குளிக்கும்போது, ஷூ மாட்டும்போது, திட்டு வாங்கும்போதுகூட ஏதாவது முணுமுணுத்துக்கொண்டே இருப்பாள். ஆண்டு விழா சேர்ந்திசைக்கு ஒத்திகை நடக்கிறது. போன வாரம் இசை ஆசிரியை அவளைப் பின்வரிசைக்கு மாற்றி, நீ சத்தம் வராமல் வாயை மட்டும் அசை என்று சொல்லிவிட்டாராம். அவள் அழவில்லை. ஆனால் வீட்டில் பாட்டே நின்றுவிட்டது, அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது. கணவரோ கணக்கில் மார்க் குறைந்தால் கவலைப்படு, இதெல்லாம் ஒரு விஷயமா என்கிறார். போய்ப் பேசலாமா, இல்லை சுருதி சேராத பிள்ளையை வேறு எதிலாவது சேர்த்துவிடலாமா?

பழைய ஆர்மோனியம்:
பள்ளியில் இசை சொல்லித்தருவதுதான் என் பிழைப்பு. ஒன்பது வயதில் சுருதி சேரவில்லை என்பதை வைத்து எந்த முடிவுக்கும் வராதீர்கள். பிறவியிலேயே சுருதி வேறுபாடு பிடிபடாதவர்கள் உண்டு, ஆனால் மிகக் குறைவு, நூற்றில் நாலு பேருக்கு மேல் இருக்காது. மற்ற பிள்ளைகளுக்குக் காது கேட்பதைத் தொண்டை பிடிக்கக் கொஞ்சம் பழக்கம் வேண்டும், அவ்வளவுதான். பல நேரம் கோளாறு எங்கள் பக்கம்தான். ஆசிரியர் தன் குரலுக்கு வசதியான சுருதியை வைத்துக்கொள்வார், அது பிள்ளைக்கு எட்டாது. நான் என்ன செய்வேன் என்றால், பிள்ளை தானாக எந்தச் சுருதியில் முணுமுணுக்கிறதோ அதை நான் பிடித்துக்கொள்வேன், இரண்டு பேர் குரலும் ஒன்றாகச் சேர்வது எப்படி இருக்கும் என்று அதற்குத் தெரிந்த பிறகு மெல்ல மேலே கூட்டிப்போவேன். வாயை அசை என்று சொல்லிவிட்டால் அந்தப் பழக்கத்துக்கே வழியில்லை. பாடாமல் எப்படிச் சுருதி சேரும்?

கடைசி பெஞ்ச்:
எனக்கும் இதையேதான் சொன்னார்கள். இப்போது நாற்பதைத் தாண்டிவிட்டேன், பிறந்தநாள் பாட்டுக்குக்கூட கைதட்டுவதோடு சரி. போய்ப் பேசுங்கள்.

எதிர்க்கட்சி:
கொஞ்சம் மாற்றிச் சொல்கிறேன், கோபிக்க வேண்டாம். எதற்கெடுத்தாலும் சூப்பர், பிரமாதம் என்கிற ஆசிரியரால் என்ன பிரயோஜனம்? என் கீபோர்டு சார் அப்படித்தான், நான் தப்பாக வாசித்தாலும் பிரமாதம்தான், அதனாலேயே அவர் பாராட்டை நான் நம்பியதில்லை. பிள்ளைகளுக்கு இதெல்லாம் நன்றாகவே தெரியும். சேர்ந்திசை என்றால் மேடையில் கேட்கிற மாதிரி இருக்க வேண்டாமா, அந்த ஆசிரியைக்கும் நெருக்கடி இருக்குமே.

பழைய ஆர்மோனியம்:
நெருக்கடி உண்டு, மறுக்கவில்லை. பொய்ப் பாராட்டு வேண்டாம் என்பதும் சரி. ஆனால் ஊக்கம் என்றால் பாராட்டு மட்டும்தானா? எவலின் கிளென்னியைப் பாருங்கள். ஸ்காட்லாந்தின் தாளவாத்தியக் கலைஞர், எட்டு வயதில் கேட்கும் திறன் குறையத் தொடங்கி, பன்னிரண்டில் ஏறக்குறைய முழுதும் போய்விட்டது. பள்ளியில் அவருக்குத் தாளவாத்தியம் சொல்லித்தந்த ரான் ஃபோர்ப்ஸ், உன்னால் முடியாது என்றும் சொல்லவில்லை, சும்மா ஆஹா ஓஹோ என்றும் சொல்லவில்லை. அவர் டிம்பனி முரசை வாசிக்கும்போது கிளென்னி சுவரில் கை வைத்து அதிர்வைக் கவனிப்பார். தாழ்ந்த ஒலி காலில் தெரிகிறது, உயர்ந்த ஒலி முகத்திலும் கழுத்திலும் தெரிகிறது என்று பிரித்தறியப் பழகினார். 2012 லண்டன் ஒலிம்பிக் தொடக்க விழாவில் முரசுக் கூட்டத்துக்கு முன்னால் நின்று வாசித்தது அவர்தான். எல்லாப் பிள்ளையும் அப்படி ஆகிவிடும் என்று சொல்ல வரவில்லை. இரண்டாவது வரியில் சரியாக நின்றாய், மூன்றாவதில் கீழே இறங்குகிறாய், இன்னொரு தடவை பார்ப்போம் என்று சொல்கிற ஆசிரியர் கிடைத்தாலே போதும்.

நடுநிசி ரேடியோ:
நன்றி. ஆனால் போய் என்னவென்று ஆரம்பிப்பது? சண்டைக்கு வந்த மாதிரி ஆகிவிடக்கூடாது, அதன் பலனையும் அவள்தான் அனுபவிக்க வேண்டும்.

பழைய ஆர்மோனியம்:
ஏன் அப்படிச் சொன்னீர்கள் என்று தொடங்காதீர்கள். எந்த வரியில் தடுமாறுகிறாள், வீட்டில் எதைப் பழக்கட்டும் என்று கேளுங்கள். அப்புறம், சுருதி நன்றாகப் பிடிக்கிற இரண்டு பிள்ளைகளுக்கு நடுவில் நிற்க வைக்க முடியுமா என்றும் கேளுங்கள், பின்வரிசையாக இருந்தாலும் பரவாயில்லை. வீட்டில் மட்டும் பாடு பாடு என்று நச்சரிக்க வேண்டாம், நீங்கள் பாட்டுக்குப் பாடிக்கொண்டிருங்கள்.

நடுநிசி ரேடியோ:
என் குரலைக் கேட்டால் அவளே வந்து நிறுத்தச் சொல்வாள், பார்ப்போம். நாளை மாலை போகிறேன். கணவரும் வருகிறாராம், கணக்கு ஆசிரியரைப் பார்க்க.