அணு ஆயுதக் கொள்கை ஒரு நாட்டின் முகத்தை மாற்றுமா?

மன்னார்குடி ஆசிரியை:
பன்னிரண்டாம் வகுப்பு மாணவர்களைப் பேச்சுப் போட்டிக்குத் தயார் செய்து வருகிறேன். 'அணுகுண்டு இருப்பதால்தான் உலகம் நம்மை மதிக்கிறது' என்று ஒரு மாணவன் எழுதி வந்தான். தவறு என்று அடித்துவிட மனம் வரவில்லை. அப்படியே விட்டுவிடவும் முடியவில்லை. ஒரு நாடு தன்னை யாராகக் கருதுகிறது என்பதை இந்தக் கொள்கை உண்மையிலேயே மாற்றுகிறதா?

கும்பகோணம் வாசகர்:
மாற்றுகிறது அம்மா. குண்டைக் காட்டிலும் அதற்கு நாம் இட்ட பெயரைக் கவனியுங்கள். 1974 மே 18 அன்று பொக்ரானில் நடந்ததை அரசு 'அமைதி நோக்கிலான அணுவெடிப்பு' என்றே அழைத்தது. காந்தியின் நாடு என்ற பெயரை விட மனமில்லாதவர்களின் சொல் அது. 1998 மே மாதச் சோதனைகளுக்குப் பிறகோ, இந்தியா இப்போது அணு ஆயுத நாடு என்று வாஜ்பாய் நாடாளுமன்றத்திலேயே அறிவித்தார். அந்த வாரம் எங்கள் தெருமுனை டீக்கடையில், மேட்டூர் எப்போது திறக்கும், குறுவைக்கு நாற்று விடலாமா என்று கவலைப்பட்டுக்கொண்டிருந்த விவசாயிகள், பேப்பரை ஒருவர் உரக்கப் படிக்கக் கேட்டு, ராமேஸ்வரத்து அப்துல் கலாமைத் தம் வீட்டுப் பிள்ளையைப் போலக் கொண்டாடினார்கள். நானும் அவர்களில் ஒருவன். அந்தப் பெருமிதம் பொய்யில்லை. ஆனால் நம் முதல் சோதனை நடந்த பதினேழே நாளில், மே 28 அன்று, பாகிஸ்தானும் சாகாய் மலையில் அணுகுண்டை வெடித்துச் சோதித்தது. அங்கும் மக்கள் தெருவில் இறங்கி இதே போலத்தான் மகிழ்ந்தார்கள் என்று படித்தபோது என் மகிழ்ச்சி பாதியாகிவிட்டது.

திருவாரூர் வாசகி:
வேண்டாம் என்றவர்களையும் அந்த மாணவனுக்குச் சொல்லுங்கள். தென்னாப்பிரிக்கா தான் செய்து வைத்திருந்த ஆறு குண்டுகளையும் தானே பிரித்தழித்து, 1991இல் அணு ஆயுதப் பரவல் தடை ஒப்பந்தத்தில் சேர்ந்தது. அமெரிக்காவுடனான ராணுவக் கூட்டுறவு முறிந்தபோதும், நியூசிலாந்து 1987இல் தன்னை அணு ஆயுதமற்ற நாடாகச் சட்டம் இயற்றி அறிவித்தது. அந்த மறுப்பை அங்குள்ளவர்கள் இன்றும் பெருமையாகவே சொல்கிறார்கள். உக்ரைனையும் மறைக்காதீர்கள். உன் எல்லையை மதிப்போம் என்று ரஷ்யாவும் அமெரிக்காவும் பிரிட்டனும் 1994இல் புடாபெஸ்ட்டில் எழுதிக் கொடுத்த உறுதிமொழியை நம்பித் தன் மண்ணில் இருந்த ஆயுதங்களை ரஷ்யாவிடம் ஒப்படைத்த நாடு அது. அதன் பின் அதே ரஷ்யா அதன் மீது படையெடுத்ததைப் பார்ப்பவர் எவரும், கைவிடுவதே அறம் என்று எளிதில் சொல்லிவிட முடியாது.

கும்பகோணம் வாசகர்:
உண்மைதான். 2003 ஜனவரியில் நம் அரசு வெளியிட்ட கொள்கை, முதலில் பயன்படுத்த மாட்டோம் என்கிறது; ஆனால் உயிரியல், வேதியியல் ஆயுதங்களால் தாக்கப்பட்டால் அணு ஆயுதத்தால் பதிலடி கொடுக்கும் உரிமையையும் தன்னிடம் வைத்துக்கொள்கிறது. இரண்டையும் அவன் படிக்கட்டும்.

மன்னார்குடி ஆசிரியை:
இருவருக்கும் நன்றி. 1974இன் சொல்லையும் 1998இன் சொல்லையும் நாளை கரும்பலகையில் அருகருகே எழுதி, இடையில் நாம் எதனால் மாறினோம் என்று அவனிடமே கேட்கப்போகிறேன்.