தாம்பரத்திலிருந்து தென்காசி: ரேஞ்சா, சார்ஜ் ஏறும் வேகமா?

தாம்பரத்திலிருந்து

வணக்கம். எலக்ட்ரிக் கார் வாங்க மூன்று மாதமாக மண்டையை உடைத்துக்கொண்டிருக்கிறேன். பார்த்ததை எழுதுகிறேன், நீங்களும் உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்.

வேலை சென்னையில். அம்மா தென்காசியில் தனியாக இருக்கிறார். மாதம் ஒரு தடவையாவது போய் வர வேண்டும். ஒரு வழிக்கு ஏறக்குறைய 600 கிலோமீட்டர். கடைசியில் இரண்டு கார்கள் மட்டும் நின்றன: ஹூண்டாய் க்ரெட்டா எலக்ட்ரிக் (51.4 யூனிட் பேட்டரி), மஹிந்திரா பிஇ 6 (59 யூனிட் பேட்டரி). க்ரெட்டா 2025-ல் வந்தபோது அதற்கு 473 கிலோமீட்டர் ரேஞ்ச் (ஒரு முழுச் சார்ஜில் ஓடும் தூரம்), 10 சதவீதத்திலிருந்து 80 வரை ஏற 58 நிமிடம் என்று போட்டிருந்தார்கள். பிஇ 6-க்கு ரேஞ்ச் 500-க்கு மேல், 20-லிருந்து 80 வரை வெறும் 20 நிமிடம். இதில் யோசிக்க என்ன இருக்கிறது என்றுதான் முதலில் தோன்றியது. அப்புறம்தான் அந்த 20 நிமிடத்துக்கு 140 கிலோவாட் வேகத்தில் மின்சாரம் தரும் சார்ஜர் வேண்டும் என்பது கண்ணில் பட்டது.

சரி, ஓட்டிப் பார்த்துவிடலாம் என்று மச்சானிடம் அவருடைய க்ரெட்டாவை வாங்கிக்கொண்டு கிளம்பினேன். நான்கு பேர், நாலைந்து பைகள், ஏசி 24-ல். வேகத்தை 90-க்கு மேல் விடவில்லை. யூனிட்டுக்கு 6.3 கிலோமீட்டர் கிடைத்தது. உளுந்தூர்பேட்டை தாண்டிச் சாலை காலியாக இருந்ததால் கொஞ்ச தூரம் 105-ல் ஓட்டினேன். அந்தத் துண்டில் மட்டும் 5.2-க்கு இறங்கிவிட்டது. காற்றின் எதிர்ப்பு வேகத்தின் வர்க்கத்தில் ஏறும் என்று பள்ளியில் படித்ததை அன்று மீட்டரில் பார்த்தேன். ரேஞ்ச் எண்ணை எடுக்கும் எம்ஐடிசி சோதனையில் உச்ச வேகமே 90-தான். நான்குவழிச் சாலையில் நாம் ஓட்டும் ஓட்டுக்கு அந்த எண் கிடைக்காது.

பெரம்பலூர் போனபோது 24 சதவீதம் மிச்சம். அங்கே 60 கிலோவாட் சார்ஜ் எந்திரம். 80 வரை ஏற 42 நிமிடம். இரவுச் சாப்பாட்டை நிதானமாக முடித்தோம். திருமங்கலத்தில் இன்னொரு தடவை 40 நிமிடம். ஆக மொத்தம் 82 நிமிடம்.

அடுத்த மாதம் அலுவலக நண்பர் ஒருவர் தன் பிஇ 6-ஐக் கொடுத்துவிட்டு, என் 12 வயது டீசல் காரை எடுத்துக்கொண்டு போனார். புண்ணியவான். அதே சாலை, அதே வேகம், அதே பெரம்பலூர் எந்திரம். 31 சதவீதத்தில் போய் 80 வரை போட 33 நிமிடம் ஆனது. திரையில் 54 கிலோவாட்டுக்கு மேல் ஏறவே இல்லை. குழாய் சிறிதாக இருந்தால் தொட்டியின் வாய் எவ்வளவு பெரிதாக இருந்தும் என்ன? இந்த ஒரு நிறுத்தத்தில் இரண்டு கார்களுக்கும் வித்தியாசம் 9 நிமிடம்தான். 

ஆனால் மதுரைக்குத் தெற்கே ஒரு 120 கிலோவாட் எந்திரம் கிடைத்தது. அங்கே கதையே வேறு. சார்ஜரின் கன்னை (கேபிள் முனையை) காரில் செருகிவிட்டு எதிர்க்கடையில் நெய் ரோஸ்ட் சொல்லிவிட்டு உட்கார்ந்தேன். ரோஸ்ட் வருவதற்கு முன் தேவையான சார்ஜ் ஏறிவிட்டது. 15 நிமிடம். பின்னால் ஒரு கார் வந்து நின்று ஹாரன் அடிக்க, பாதி ரோஸ்ட்டோடு எழுந்து ஓட வேண்டியதாயிற்று. வேகமான சார்ஜரிலும் இப்படி ஒரு தொல்லை உண்டு, அதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இப்போது என் கேள்வி: வழியில் ஓர் இடத்தில் மட்டும் பயன்படும் வேகத்துக்காகக் காரைத் தேர்ந்தெடுப்பதா?

ஈரோட்டிலிருந்து

சார், உங்கள் கணக்கைப் படித்துவிட்டு என் காரைப் போய் ஒருமுறை பார்த்துவிட்டு வந்தேன். டியாகோ இவி, 24 யூனிட் பேட்டரி. வாங்கி இரண்டு வருடம் முடியப் போகிறது. ஃபாஸ்ட் சார்ஜரில் போட்டது மொத்தமே இரண்டு தடவை, இரண்டும் பழனிக்குப் போனபோது.

பள்ளிக்கூடத்துக்குப் போய் வர ஒரு நாளைக்கு 35 கிலோமீட்டர். போர்ட்டிகோவில் 15 ஆம்பியர் பிளக். வாரம் இரண்டு இரவு சார்ஜ் போட்டால் முடிந்தது. அதில் மணிக்கு 3 யூனிட் போல ஏறும். 10 மணிக்குப் போட்டால் காலையில் பால்காரர் வரும்போது நிறைந்திருக்கும். நான் தூங்குகிற நேரத்தில் அது எவ்வளவு மெதுவாக ஏறினால் எனக்கு என்ன?

ஒன்றை மட்டும் யாரும் எனக்கு முன்கூட்டிச் சொல்லவில்லை. வீட்டு மீட்டரிலேயே போட்டதால் இரண்டு மாதக் கணக்கு 500 யூனிட்டைத் தாண்டிவிட்டது. தாண்டினால் விகிதமே மாறிவிடுகிறது. பில்லைப் பார்த்துக் கணவர் என்னைக் கேட்ட கேள்விகளை இங்கே எழுத முடியாது. ஆனாலும் பெட்ரோலோடு ஒப்பிட்டால் லாபம்தான். நெடுஞ்சாலையில் அந்த இரண்டு தடவையும் யூனிட்டுக்கு 20 ரூபாயை ஒட்டி வந்தது, அதன்மேல் 18 சதவீத ஜிஎஸ்டி. தினமும் அங்கே போடுகிறவர் கணக்குப் பார்த்துத்தான் வாங்க வேண்டும்.

அம்மா வீட்டில் பிளக் இருக்கிறதா சார்? அதை நீங்கள் எழுதவே இல்லையே.

மேட்டுப்பாளையத்திலிருந்து

மலைக்குப் போகிறவர்களுக்காக ஒரு பக்கக் கதை. என்னிடம் 40.5 யூனிட் நெக்ஸான் இவி. ஊட்டி இங்கிருந்து 50 கிலோமீட்டர் போலத்தான் வரும். ஆனால் ஏற்றம் 1,900 மீட்டரைத் தொடும். முதல் தடவை போனபோது கொண்டை ஊசி வளைவுகள் தொடங்கியதும் சதவீதம் கண்ணெதிரே கரைந்தது. மனைவி சாலையைப் பார்க்கவில்லை, மீட்டரையே பார்த்துக்கொண்டு வந்தார். ஊட்டி போய்ச் சேர்ந்தபோது 36 சதவீதம் போயிருந்தது.

பயப்பட ஒன்றுமில்லை. ஆட்களோடு சேர்த்து ஒன்றே முக்கால், இரண்டு டன் எடையை அவ்வளவு உயரத்துக்குத் தூக்க மட்டுமே சுமார் 10 யூனிட் வேண்டும். மீதிதான் ஓடிய தூரத்துக்கு. இறங்கும்போது மோட்டாரே ஜெனரேட்டராகி அதில் ஒரு பங்கைத் திருப்பித் தந்துவிடும். நான் மேட்டுப்பாளையத்தில் வந்து நின்றபோது, ஊட்டியில் கிளம்பியதைவிட 3 சதவீதம் கூடுதலாக இருந்தது! பங்காளியிடம் சொன்னால் இன்னும் நம்ப மறுக்கிறார்.

ஆனால் இரண்டாவது தடவை ஒரு தப்புச் செய்தேன். தங்கிய விடுதியில் இலவசமாகச் சார்ஜ் போடலாம் என்றதும் ஆசைப்பட்டு 100 வரை ஏற்றிக்கொண்டு இறங்கினேன். நிறைந்த பேட்டரியில் திரும்பி வரும் மின்சாரத்துக்கு இடம் கிடையாது. மோட்டார் இழுத்துப் பிடிப்பது நின்றுபோய், குன்னூர் வரை பிரேக்கை மிதித்தே வந்தேன். தேய்ந்த வாடை உள்ளேயே வந்தது. மலையில் கிளம்பும்போது 85-க்கு மேல் வைக்காதீர்கள்.

சென்னை, சொந்த ஊர் சேலம்

தம்பி, ரேஞ்சை இப்படி ஓரம் கட்டிவிட்டீர்களே. பொங்கலுக்கு முந்தைய நாள் அந்தச் சாலையில் போயிருக்கிறீர்களா?

நான் முதலில் வைத்திருந்தது 2020-ல் வந்த 30.2 யூனிட் நெக்ஸான். ஊருக்கு 340 கிலோமீட்டர், வழியில் நிற்காமல் போக முடியாது. ஒரு பொங்கலுக்கு உளுந்தூர்பேட்டை பக்கம் ஒரு சார்ஜருக்குப் போனேன். நிறுவனத்தின் பெயர் வேண்டாம். இரண்டு கன் வைத்த எந்திரம், ஒன்று வேலை செய்யவில்லை, எனக்கு முன்னால் மூன்று கார். இரண்டு மணி நேரம் கழித்து என் முறை வந்தது. செயலியில் பணம் போட்டேன், பணம் போனது, சார்ஜ் தொடங்கவில்லை. உதவி எண்ணில் ஒரு பெண் பொறுமையாக, "சார், எந்திரத்தை ரீஸ்டார்ட் செய்கிறோம்" என்று மூன்று தடவை சொன்னார். வீடு போய்ச் சேர்ந்தபோது பானையில் பொங்கல் ஆறிப்போய் இருந்தது.

இப்போது மஹிந்திரா எக்ஸ்இவி 9இ, 79 யூனிட். சேலம் வரை ஒரே மூச்சு. போய்ச் சேர்ந்த பிறகும் கையில் கொஞ்சம் இருக்கும். எங்கே நிற்பது என்பதை நான் முடிவு செய்கிறேன். கூட்டமாக இருந்தால் அடுத்த சார்ஜருக்குப் போய்விடலாம். சின்ன பேட்டரிக்காரருக்கு அந்தத் தெரிவே கிடையாது. எவ்வளவு வேகமாக ஏறும் காராக இருந்தாலும் வரிசையில் நான்காவதாக நின்றால் நான்காவதுதான்.

திருச்சியிலிருந்து

மேலே அண்ணன் சொன்ன இரண்டு கன் விஷயத்தில் ஒன்று சேர்க்கிறேன். பல இடங்களில் 60 என்று எழுதியிருந்தால் அது இரண்டு கன்னுக்கும் சேர்த்துத்தான். நான் தனியாகப் போட்டபோது 52 ஏறிக்கொண்டிருந்தது. பக்கத்தில் இன்னொருவர் செருகினார், என்னுடையது 27 ஆகிவிட்டது. அவரை முறைத்து என்ன பயன், அவருக்கும் 27-தான். நிற்கும் நேரத்தைத் திட்டமிடும்போது பாதி வேகத்தை வைத்துக் கணக்குப் போடுங்கள். அப்புறம் 80-க்கு மேல் ஏற்றிக்கொண்டு உட்கார்ந்திருக்காதீர்கள். அதற்குமேல் பேட்டரியே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். கடைசி 20 சதவீதத்துக்கு ஆகும் நேரத்தில் நாலு ஊர் போய்விடலாம்.

தாம்பரத்திலிருந்து, மறுபடி

எல்லோருக்கும் நன்றி. ஈரோட்டு டீச்சர் கேட்ட கேள்விதான் என்னைத் தூங்கவிடவில்லை. அம்மா வீட்டில் பிளக் இருந்தால், தென்காசிக்குள் 10 சதவீதத்தோடு நுழைந்தால் போதுமே! இரவு முழுக்கப் போட்டுக்கொள்ளலாம். இத்தனை நாளும் போகும் வழியையே பார்த்துக்கொண்டிருந்தேன். போய்ச் சேருகிற இடம் நினைவுக்கே வரவில்லை.

சேலத்து அண்ணன் சொன்னதும் சரி. ஆனால் 79 யூனிட் பேட்டரிக்கு என் பட்ஜெட் எட்டாது. பண்டிகைக்கு ஒரு நாள் முன்பாகவே கிளம்பிவிடுவதாக இருக்கிறேன், விடுப்பு கிடைத்தால்.

போன வாரம் ஊருக்குப் போனபோது இரண்டு ஷோரூமுக்கும் அம்மாவைக் கூட்டிக்கொண்டு போனேன். அவருக்கு 71 வயது, முழங்கால் வலி. பிஇ 6-ல் குனிந்து ஏறிவிட்டு, "கார் நல்லாத்தான் இருக்கு, இறங்கும்போது ஒரு கை குடு" என்றார். க்ரெட்டாவில் நாற்காலியில் உட்காருவது போல உட்கார்ந்தார். மூன்று மாதமாக நான் நோட்டில் எழுதிய யூனிட், கிலோவாட், நிமிடம் எல்லாம் அந்த இடத்திலேயே முடிந்துபோயின. க்ரெட்டா பதிவு செய்தாகிவிட்டது. மதுரைக்குத் தெற்கே இருக்கும் அந்த 120 கிலோவாட் எந்திரத்தைத் தாண்டும்போது வயிறு எரியத்தான் செய்யும். இந்தத் தடவையாவது நெய் ரோஸ்ட்டை முழுதாகத் தின்னலாம்.

பிளக் வேலையும் தொடங்கிவிட்டது. எலக்ட்ரீஷியன் வந்து சோதித்ததில் வீட்டுக்கு எர்த்தே சரியில்லையாம். எர்த் இல்லாவிட்டால் காரோடு வரும் சார்ஜர் சிவப்பு விளக்கு காட்டிவிட்டு நின்றுவிடும் என்றார். மாட்டுத் தொழுவம் இருந்த இடத்தில் குழி தோண்டி உப்பும் கரியும் போட்டிருக்கிறோம். தினமும் சாயங்காலம் அதில் ஒரு குடம் தண்ணீர் ஊற்றச் சொல்லியிருக்கிறார். அம்மா பக்கத்தில் இருக்கும் முருங்கைக்கும் சேர்த்தே ஊற்றிக்கொண்டிருக்கிறார்.