புதுப்பிப்பு: கோத்தகிரி வீட்டுக் கணினி ஓட ஆரம்பித்துவிட்டது

பதில் சொன்ன எல்லாருக்கும் ரொம்ப நன்றி. பவர் பட்டனை அழுத்தினால் ஃபேன் சுற்றுகிறது, பீப் அடிக்கிறது, மானிட்டரில் ஒன்றும் வரவில்லை என்று கேட்டிருந்தேன். எஸ்எம்பிஎஸ் (கணினிக்குள் கரண்ட் கொடுக்கும் பெட்டி) போயிருக்கும் என்று பலர் சொன்னீர்கள். அது நன்றாகவே இருக்கிறது. சரியாகப் பிடித்தவர் ரேமை (மெமரி கார்டை) கழற்றித் துடைக்கச் சொன்ன அண்ணன்தான்.

பிளக்கைப் பிடுங்கிவிட்டு ரேமை எடுத்துப் பார்த்தால், தங்க நிறப் பட்டைகள்மேல் மங்கலாக ஒரு படலம். இங்கே மழைக்காலத்தில் துவைத்த துணியே காயாது. ஈரக்காற்று கேபினட்டுக்குள் மட்டும் போகாமல் இருக்குமா? பென்சில் ரப்பரால் மெதுவாகத் தேய்த்து, தூளைப் பிரஷ்ஷால் தட்டி, இரண்டு பக்கமும் 'டக்' என்று பூட்டும்வரை அழுத்தினேன். படம் வந்துவிட்டது.

எதிர்பார்க்காதது அதற்கப்புறம்தான். விண்டோஸ் ஏறாமல் ரீஸ்டார்ட் ஆகிக்கொண்டே இருந்தது, தேதியும் தப்பு. கரண்ட் இல்லாதபோது தேதியையும் செட்டிங்கையும் காப்பாற்றுவது மதர்போர்டில் இருக்கும் சின்ன பேட்டரி. அதில் 2.4 வோல்ட்தான், 3 இருக்க வேண்டும். பிளக்கைப் பிடுங்கியதும் பயாஸ் (கணினியைத் துவக்கும் அடிப்படை மென்பொருள்) செட்டிங் அழிந்து, சாட்டா மோடு, அதாவது டிஸ்க்கோடு கணினி பேசும் முறை, ஐடிஇ என்ற பழைய முறைக்கு மாறியிருக்கிறது. புது சிஆர்2032 பேட்டரி போட்டு, அந்த மோடை முன்பிருந்த ஏஹெச்சிஐ முறைக்கே மாற்றியதும் விண்டோஸ் ஏறியது. இப்படி ஆனால் அவசரப்பட்டு ஃபார்மட் செய்துவிடாதீர்கள், என் ஃபைல் ஒன்றுகூடப் போகவில்லை.