போர்க் கொடுமையை வெளியே சொன்ன வீரர் துரோகியா?

கேள்வி (மன்னார்குடி வாசகர்):
எங்கள் பெரியப்பா தரைப்படையில் ஹவில்தாராக இருந்து ஓய்வு பெற்று, இப்போது வடுவூர்ப் பக்கம் விவசாயம் செய்கிறார். வியட்நாமிலிருந்து திரும்பிய அமெரிக்க வீரர்கள் 1971-இல் டெட்ராய்ட் நகரில் கூடி, தாங்கள் கண்டதும் செய்ததுமான கொடுமைகளை மூன்று நாட்கள் பொதுவெளியில் சொன்னதைப் பற்றி அவரிடம் பேசினேன். "உண்ட வீட்டுக்கு இரண்டகம் செய்தவர்கள்" என்று முடித்துவிட்டார். அவரை எதிர்த்துப் பேச மனம் வரவில்லை, ஒப்புக்கொள்ளவும் முடியவில்லை. படையில் இருந்தவர்கள் என்ன நினைக்கிறீர்கள்?

பதில் (ஒரத்தநாடு, முன்னாள் படைவீரர்):
தம்பி, பெரியப்பாவின் கோபம் எனக்குப் புரிகிறது. கூட நிற்பவனைக் கைவிடக் கூடாது என்பதுதான் பட்டாளத்தில் முதலில் மனத்தில் பதியும் பாடம். ஆனால் படை நகர்வை வெளியே சொல்வதும், நிராயுதபாணிகளைக் கொன்றதைச் சொல்வதும் ஒன்றாகா. போரில் பொதுமக்களையும் காயம்பட்டோரையும் கைதிகளையும் காப்பதற்கான 1949-ஆம் ஆண்டின் ஜெனீவா ஒப்பந்தங்களை ஏற்று, 1960-இல் நம் நாடே அதற்குத் தனிச் சட்டம் இயற்றியிருக்கிறது.

அமெரிக்கப் படையினர் ஊர்மக்களைக் கொன்று குவித்த வியட்நாமின் மை லாய் கிராமத்தை எண்ணிப் பாருங்கள். 1968 மார்ச் 16 அன்று, அமெரிக்க ஹெலிகாப்டர் விமானி ஹியூ தாம்சன், துரத்தி வந்த தம் நாட்டுப் படையினருக்கும் பதுங்கியிருந்த கிராமத்தாருக்கும் நடுவே தரையிறங்கி, அவர்களில் சிலரை உயிரோடு மீட்டார்; அன்றைக்கே மேலதிகாரிகளிடம் முறையிடவும் செய்தார். வியட்நாமியர் கணக்குப்படி 504 பேர் இறந்த அந்த நாளை, 128 எதிரிகளைக் கொன்ற வெற்றி என்று இராணுவம் அறிவித்தது. மறு ஆண்டு ரான் ரைடனவர் என்ற வீரர், நேரில் இருந்தவர்களிடம் கேட்டறிந்ததைக் கடிதமாக எழுதி அரசுக்கும் நாடாளுமன்ற உறுப்பினர்களுக்கும் அனுப்பிய பிறகே விசாரணை தொடங்கியது. இருவரும் முதலில் தட்டியது உள்வீட்டுக் கதவைத்தான். தாம்சனுக்கு அப்போது கிடைத்தவை கொலை மிரட்டல்கள். அந்த மீட்புக்காக 'சோல்ஜர்ஸ் மெடல்' என்னும் வீரப்பதக்கம் 1998-இல்தான் வந்தது.

பதில் (வேதாரண்யம், ஆசிரியை):
என் தம்பி இப்போது எல்லையில் இருக்கிறான்; அதனால் எனக்கு அச்சம் உண்டு. 1990 மார்ச்சில் இந்திய அமைதிப்படை இலங்கையிலிருந்து சென்னை திரும்பியபோது, அங்கே தமிழர்களைக் கொன்ற படை என்று சொல்லி, அன்றைய முதல்வர் கருணாநிதி வரவேற்கச் செல்லவில்லை. எந்தத் தவறும் செய்யாமல் திரும்பிய சிப்பாயும் அந்த அவமதிப்பைச் சுமக்க நேர்ந்தது. ஆகவே பேசுகிறவர்கள் இடம், நாள், பொறுப்பாளர் என்று உறுதியாகச் சொல்ல வேண்டும். பொத்தாம்பொதுவாகப் படை முழுவதையும் பழிப்பதை என்னால் ஏற்க இயலாது.

பதில் (ஒரத்தநாடு, முன்னாள் படைவீரர்):
அம்மா, நீங்கள் சொல்லும் நிபந்தனையை ஏற்கிறேன்; அதன் மறுபக்கத்தையும் பாருங்கள். உங்கள் ஊருக்கு அக்கரையில், 1987 அக்டோபர் 21, தீபாவளியன்று, அமைதிப்படை நுழைந்த யாழ்ப்பாண மருத்துவமனைக்குள் நோயாளிகளும் மருத்துவர்களும் செவிலியரும் கொல்லப்பட்டார்கள். இன்னார்தான் பொறுப்பு என்று உள்ளிருந்தே அடையாளம் காட்டப்படாத குற்றம், சீருடை அணிந்த எல்லார் மீதும் கறையாகப் படிகிறது. உங்கள் தம்பியைப் போன்றவர்களின் பெயரைக் காப்பதும், நடந்ததைச் சொல்ல முன்வருகிற வீரர்தான்.

மன்னார்குடி வாசகர்:
நன்றி ஐயா. பெரியப்பாவுக்கு இவற்றை வாசித்துக் காட்டினேன். நெடுநேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அந்த விமானி அன்றைக்கேவா மேலிடத்தில் சொன்னார்?" என்று மட்டும் கேட்டார்.